குடிக்காதவங்க ஜாக் டேனியல்ஸ் டிஸ்டிலரிக்குப் போய் என்னத்தப் பாக்குறது?

போங்கண்ணே, தாராளமா போங்க, மதினியையும் கட்டாயம் கூட்டிட்டுப் போங்க.

படிக்கிற மத்தவங்களுக்காக கேள்விய சுருக்கமா சொல்லிர்றேன். அண்ணனுக்கு திருநகர். மகன் அமெரிக்காவுல நாஷ்வில்ல வேலை பாக்குறாப்ல, அண்ணனும் மதினியும் அடுத்த மாசம் அங்க போறாங்க, மகன் ஒரு நாளு ஜாக் டேனியல்ஸ் டிஸ்டிலரியும் பக்கத்துல இருக்குற லிஞ்ச்பர்க் ஊரும் காட்டுறேன்னு சொல்லியிருக்காப்ல. வீட்ல ரெண்டு பேருக்கும் குடிப்பழக்கம் கெடையாது. சாராயம் காய்ச்சுற எடத்துல நமக்கு என்ன சோலின்னு மதினி கேக்குறாங்க. போலாமா, போனா அந்த நாள எப்புடி போட்டுக்கிறதுங்கிறதுதான் கேள்வி.

மதினி கேக்குறதுல நியாயம் இருக்கு. நம்ம ஊர்ல எந்தத் தெருவுல விசாரிச்சாலும் குடியால நொந்த வீடு ஒண்ணு இருக்கும், அத பாத்து வளந்தவங்களுக்கு விஸ்கி கம்பெனியச் சுத்திப் பாக்குறதெல்லாம் ஒரு டூரான்னுதான் தோணும். நான் கரும்பாலையோட சேந்த டிஸ்டிலரில கெமிஸ்டா இருந்து ரிட்டயர் ஆனவன், மக ஹன்ட்ஸ்வில்ல இருக்கா, அங்கருந்து லிஞ்ச்பர்க் ஒரு மணி நேரம்தேன், அதனால அந்தப் பக்கம் போற வாய்ப்பு கெடச்சது. வேலைல இருந்தப்பவும் நான் சாம்பிள மோந்து பாக்குறதோட சரி. அதனால சொல்றேன், அந்த டூர மூக்காலதான் பாக்கணும். குடிக்கிற ஆளுக எல்லாம் கடைசில வர்ற டேஸ்டிங் ரூமு எப்ப வரும்னே நடப்பாய்ங்க, நடுவுல உள்ள விஷயம் பூராவும் கோட்ட விட்ருவாய்ங்க, உங்கள மாதிரி ஆளுகளுக்குத்தான் அது முழுசா கெடைக்கும்.

நாஷ்வில்ல இருந்து சுமார் 75 மைலு, 120 கிலோமீட்டர்னு வச்சுக்கங்க, நம்ம மதுரை திருச்சி தூரத்த விட கொஞ்சம் கம்மி. ஒன்றரை மணி நேரம் ஆகும். ரெண்டு வழி இருக்கு. ஐ-24 ஹைவேல மான்செஸ்டர் வரைக்கும் போயி அங்க திரும்பி டல்லஹோமா வழியா வர்றது ஒண்ணு, மர்ஃபிரீஸ்பரோ தாண்டி 231ஆம் ரோட்டப் புடிச்சு ஷெல்பிவில் வழியா வர்றது இன்னொண்ணு. போறப்ப ஷெல்பிவில் வழிய எடுக்கச் சொல்லுங்க. ரெண்டு பக்கமும் புல்லு மேடும் வேலி போட்ட குதிரைப் பண்ணையுமா இருக்கும், டென்னசி வாக்கிங் ஹார்ஸ்னு ஒரு ஜாதிக் குதிரைக்கு ஷெல்பிவில்தான் பேர் போன ஊரு. மேல உக்காந்திருக்கவனுக்கு ஆட்டமே தெரியாத மாதிரி நடக்கப் பழக்குற குதிரை. வீட்ல காலைல எட்டு மணிக்குக் கெளம்பிட்டீங்கன்னா பத்து மணி டூர் சரியா இருக்கும்.

டூர் டிக்கெட்ட முன்னாடியே ஆன்லைன்ல போட்ரச் சொல்லுங்க. டேஸ்டிங்கோட சேந்தது சில வகை இருக்கு, டேஸ்டிங் இல்லாம சுத்தி மட்டும் காட்டுற டூரும் தனியா உண்டு, உங்களுக்கு ரெண்டாவதே போதும், காசும் கம்மி. நடக்குற தூரம் பெரிசு இல்ல, ஆனா ஏத்த எறக்கமும் படிகளும் நெறைய, மதினிக்கு முட்டி வலி இருந்தா புக் பண்றப்பவே சொல்லிட்டா அதுக்குத் தகுந்த மாதிரி ஏற்பாடு கேட்டுக்கலாம். செருப்பு வேணாம், ஷூ போட்டுக்கங்க. சில கட்டடத்துக்குள்ள ஆல்கஹால் ஆவி இருக்குறதால போன எடுத்து போட்டோ எடுக்க விட மாட்டாங்க, அதுக்கு கைடுகிட்ட வாதாட வேணாம், நாங்க வேலை பாத்த எடத்துலயும் அதான் ரூல்.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். மொதல்ல கரி போடுற எடம். சுகர் மேப்பிள்னு ஒரு மரம், மேப்பிள் சிரப் எடுக்குறாங்களே அதே மரம்தான், அத நீளக் கட்டையா அறுத்து, குறுக்கும் நெடுக்குமா அடுக்கி, அதுமேல அப்பத்தான் காய்ச்சி எறக்குன விஸ்கியவே தெளிச்சுப் பத்த வைக்கிறாய்ங்க. எரிஞ்சு சாம்பலாப் போயிராம, கரியா நிக்கிற நேரம் பாத்து தண்ணி அடிச்சு அணைக்கணும், அங்க நிக்கிற ஆளுக்கு இருக்குற வேலையே அதுதான். பெட்ரோல், மண்ணெண்ணெய்ன்னு எதையாவது ஊத்துனா அந்த வாடை கரில ஏறிரும், கரிலருந்து சரக்குல ஏறிரும், அதுக்குத்தான் சொந்தச் சரக்கையே ஊத்துறது. நீங்க போற அன்னைக்கு எரிச்சா அதிர்ஷ்டம், எரிக்காட்டியும் அந்த எடத்துல கரி வாசனை எப்பவும் நிக்கும்.

அடுத்தது ஊத்து. சுண்ணாம்புப் பாறைக் குகைக்குள்ள இருந்து தண்ணி தானா வருது, வருசம் பூராவும் 56 டிகிரி பாரன்ஹீட், நம்ம கணக்குல 13 டிகிரி செல்சியஸ். வெயில் காலத்துல போனீங்கன்னா அந்தக் குகை வாய்ல நின்னதுமே ஏசி போட்ட மாதிரி இருக்கும், பக்கத்துலயே ஜாக் டேனியலோட சிலை, எல்லாரும் அதுகிட்ட நின்னு போட்டோ எடுப்பாய்ங்க. இந்தத் தண்ணில இரும்பு இல்லைன்னு கைடு பெருமையா சொல்லிட்டு அடுத்ததுக்குப் போயிருவாரு, ஏன் பெருமைன்னு சில பேருதான் சொல்லுவாங்க. மரப் பீப்பாய்ல டானின்னு ஒரு துவர்ப்புச் சத்து இருக்கு, தண்ணில இரும்பு இருந்தா ரெண்டும் சேந்து சரக்கு கறுத்துப் போகும், ருசியும் கெட்ரும். நம்ம தாத்தா காலத்துல கடுக்காயும் அன்னபேதியும் போட்டு மை காச்சுனாங்கள்ல, அந்த வேதியியல்தான் இது. அந்தக் காலத்துல ஒரு காய்ச்சுறவன் எங்க கடை போடுறதுன்னு முடிவு பண்றதே தண்ணிய வச்சுத்தான், இந்த ஊரு இங்க இருக்குறதுக்கும் இந்தக் குகைதான் காரணம்.

அப்புறம் ஊறல். இங்கதான் எனக்கு ரொம்ப சுவாரசியமா இருந்துச்சு. நம்ம நாட்டுல விஸ்கின்னு லேபிள் ஒட்டி விக்கிறதுல பெரும்பாலானது சர்க்கரை ஆலைல மிஞ்சுற மொலாசஸ்ல இருந்து வர்ற ஸ்பிரிட்டு, அதோட கொஞ்சம் மால்ட் கலந்தது. மொலாசஸ்ல சர்க்கரை ஏற்கெனவே இருக்கு, தண்ணிய ஊத்தி ஈஸ்ட்ட போட்டா வேலைய ஆரம்பிச்சிரும். இவங்களுது 80 பங்கு மக்காச்சோளம், 12 பங்கு பார்லி மால்ட், 8 பங்கு ரைங்கிற தானியம். சோளத்துல இருக்குறது ஸ்டார்ச், ஈஸ்ட் அத சாப்டாது. மொளை கட்டுன பார்லில இருக்குற என்சைம்தான் அந்த ஸ்டார்ச்ச ஒடச்சு சர்க்கரையா மாத்திக் குடுக்கணும், அதுக்குத்தான் அந்த 12 பங்கு. போன தடவ காய்ச்சி முடிச்ச மிச்சத்துல கொஞ்சம் எடுத்து புது ஊறல்ல ஊத்துவாங்க, சவர் மாஷ்னு பேரு. பழைய மாவு கொஞ்சம் விட்டு புது மாவப் பொங்க வைக்கிற மாதிரின்னு நம்மாளுக ஈசியா விளக்கிருவோம், ஆனா அது பாதிதான் சரி, ஏன்னா காய்ச்சி வந்ததுல ஈஸ்ட் உயிரோட இருக்காது. அது குடுக்குறது புளிப்பு. அந்தப் புளிப்புல வேண்டாத பாக்டீரியா வளராது, ஈஸ்ட்டுக்கு மட்டும் வசதியா இருக்கும், ஒவ்வொரு தடவையும் சரக்கு ஒரே மாதிரி வரும். தொட்டிப் பக்கத்துல நின்னா சோளம் வெந்த வாசனையும் புளிப்பும் சேந்து வரும், கூடவே கார்பன் டை ஆக்சைடு மூக்குல சுருக்குனு ஏறும், ரொம்பக் குனிஞ்சு மோக்காதீங்க.

காய்ச்சுறது தூண் மாதிரி உசரமா நிக்கிற செம்புப் பாத்திரத்துல. செம்பு எதுக்குன்னா ஊறல்ல வர்ற கந்தக வாடைய அது புடிச்சுக்கும். இங்க ஒரு வித்தியாசம் கவனிங்க. எங்க ஆலைல 96 சதவீதத்துக்கு ஏத்தி, எந்த வாசனையும் இல்லாத ஸ்பிரிட்டா எறக்குறதுதான் வேலை. வாசனைய எடுக்குறதுக்குத்தான் எனக்குச் சம்பளமே. லிஞ்ச்பர்க்ல 140 புரூஃப்ல, அதாவது 70 சதவீதத்துல நிப்பாட்டிர்றாய்ங்க, சோளத்தோட வாசனை அதுல தங்கணும்னு. பூரா வாழ்க்கையும் மோந்து மோந்து ஒரு வாசனையும் இல்லைன்னு ரிப்போர்ட்ல கையெழுத்து போட்ட எனக்கு, இந்த எடத்துல நின்னப்ப கொஞ்சம் பொறாமையாவே இருந்துச்சுண்ணே.

அந்தச் சக்கைத் தண்ணிய பத்தியும் சொல்லணும். மொலாசஸ் டிஸ்டிலரிக்குப் பக்கத்துல குடியிருந்தவங்களுக்கு ஸ்பென்ட் வாஷ்னா என்னன்னு தெரியும், கன்னங்கரேல்னு இருக்கும், வாடை ஊரத் தூக்கும், கொளத்துல கலந்தா மீனு மெதக்கும், அத சுத்திகரிக்கிறதுதான் நம்ம பக்கத்து ஆலைக எல்லாத்துக்கும் பெரிய தலைவலி. தானியத்துல காய்ச்சுனா மிஞ்சுறது புண்ணாக்குத் தண்ணி வகைல சேரும், புரதம் இருக்கும், பல காலமா லிஞ்ச்பர்க் சுத்துப்பட்டு விவசாயிங்க அத மாட்டுக்கு ஏத்திட்டுப் போயிருக்காங்க. அதனால அவ்ளோ பெரிய டிஸ்டிலரி இருந்தும் அந்த ஊருக்குள்ள நம்ம ஆலை வாசல் நாத்தம் கெடையாது. மதினி மூக்கப் பொத்திக்கிட்டு வர வேண்டிய தேவை வராது.

டூர்ல உச்சம்னா கரி வடிகட்டுற ரூம். பெரிய பெரிய தொட்டி, ஒவ்வொண்ணுலயும் 10 அடி உசரத்துக்கு அந்த மேப்பிள் கரி, மேல இருந்து விஸ்கி சொட்டுச் சொட்டா விழுந்து கீழ எறங்க நாள் கணக்காகும். தொட்டி மூடியத் தூக்கி கைடு உங்கள மோந்து பாக்கச் சொல்லுவாரு, மூஞ்சிய உள்ள விடாதீங்க, மூடிய லேசா விசிறுறப்ப வர்ற காத்த மட்டும் வாங்குங்க. மொதல்ல ஸ்பிரிட்டோட காட்டம், அது அடங்குனதும் சோளத்தோட இனிப்பு, அப்புறம் கரி. குடிக்காத ஆளுக்கு அந்த ஒரு மூச்சே போதும், எனக்கெல்லாம் கண்ணுல தண்ணி வந்துருச்சு, காட்டத்தாலதான். கெண்டகில செய்யிற போர்பனுக்கும் டென்னசி விஸ்கிக்கும் முக்கியமான வித்தியாசமே இந்தக் கரிதான். லிங்கன் கவுண்ட்டி முறைன்னு அதுக்குப் பேரு, கவுண்ட்டின்னா நம்ம மாவட்டம் மாதிரி, லிஞ்ச்பர்க் ஒரு காலத்துல லிங்கன் கவுண்ட்டில இருந்துச்சு, 1871ல மூர் கவுண்ட்டி தனியா பிரிஞ்சுச்சு. 2013ல டென்னசி அரசாங்கம் மேப்பிள் கரில வடிகட்டுனாத்தான் டென்னசி விஸ்கின்னு போடலாம்னு சட்டம் போட்டுச்சு, அதுல ஒரே ஒரு கம்பெனிக்கு விதிவிலக்கு, அந்தக் கம்பெனி இருக்குறது லிங்கன் கவுண்ட்டில. சட்டம் போடுறவங்க எல்லா ஊர்லயும் ஒரே மாதிரிதான்.

கடைசியா பீப்பாய்க் கெடங்கு. உள்ள இருட்டா இருக்கும், மாடி மாடியா பீப்பாய், ஒவ்வொண்ணுலயும் சுமார் 200 லிட்டர். புது வெள்ளை ஓக் மரத்துல செஞ்சு உள்பக்கத்த நெருப்பு வச்சுக் கருக்குனது. வெயில்ல சரக்கு விரிஞ்சு மரத்துக்குள்ள போகும், குளிர்ல சுருங்கி வெளிய வரும், இப்புடிப் போயிப் போயி வந்துதான் நெறமும் வாசனையும் ஏறுது, ஊத்துறப்ப பச்சத் தண்ணி மாதிரிதான் இருக்கும். அந்தக் கெடங்குக்குள்ள வெனிலா வாசனை அடிக்கும், யாரும் எசென்ஸ் ஊத்தல, கருகுன மரத்துல இருந்து வர்ற வெனிலின்தான். ஒரு தடவதான் ஒரு பீப்பாய், அதுக்கப்புறம் அது ஸ்காட்லாந்துக்குப் போகும், அங்க ஸ்காட்ச் ஊற வைக்க. டபாஸ்கோ மெளகாய் சாஸ் கம்பெனிக்கும் போகும்.

வருசா வருசம் பீப்பாய்ல இருந்து கொஞ்சம் ஆவியாப் போயிரும், ஏஞ்சல்ஸ் ஷேர்னு சொல்லுவாங்க. ஸ்காட்லாந்து குளிர்ல வருசத்துக்கு 2 சதவீதம் போகும்னா, பெங்களூர்ல அம்ருத் சிங்கிள் மால்ட் செய்யிறவங்களுக்கு 10, 12 சதவீதம் போயிருது. நம்ம மதுரை சித்திரை வெயில்ல கெடங்கு போட்டா தேவதைக மட்டும்தான் குடிக்கும், ஓனருக்கு பீப்பாய்தான் மிஞ்சும். இன்னொன்னு பாருங்க, கெடங்குச் சுவரும் சுத்தி இருக்குற மரமும் கரி பூசுன மாதிரி கறுப்பா இருக்கும். தீப்புடிச்சதுன்னு நெனச்சிராதீங்க, அது ஒரு பூஞ்சை, பௌடோயினியான்னு பேரு, காத்துல வர்ற ஆல்கஹால் ஆவிலயே வாழுது. பக்கத்து வீட்டுக்காரங்க எல்லாம் வீட்டுச் சுவரு, காரு பூராவும் கறுக்குதுன்னு பக்கத்து லிங்கன் கவுண்ட்டில 2023ல கோர்ட்டு வரைக்கும் போயிருக்காங்க. கைடு இத அவரா சொல்ல மாட்டாரு, கேட்டா சொல்லுவாரு.

இதுக்கு நடுவுல ஜாக் டேனியலோட பழைய ஆபீஸக் காட்டுவாங்க, உள்ள ஒரு இரும்புப் பெட்டி. நம்பர் மறந்து போயி கோவத்துல அத எட்டி ஒதைச்சாரு, கால்ல பட்ட அடி சீழ் வச்சு 1911ல செத்துப் போனாருன்னு கதை. ஆராய்ச்சி பண்ணவங்க இத அப்புடியே ஏத்துக்கல. பாட்டில் கணக்குல கம்பெனி ஆரம்பிச்சது 1866, அதையும் ஆராய்ச்சிக்காரங்க பிந்தித்தான்னு சொல்றாங்க. அத விடுங்க. முக்கியமா கேக்க வேண்டியது நியரஸ்ட் கிரீன் கதை.

டான் கால்னு ஒரு லூத்தரன் பாதிரியார், பண்ணை, கடை, கூடவே ஒரு சாராய அடுப்பும் வச்சிருந்தாரு, பாதிரியார்தான், அந்தக் காலத்துல அது அங்க சாதாரணம். சின்னப் பையனா ஜாக் அங்க வேலைக்குப் போறாரு. அங்க காய்ச்சுறதுல கெட்டிக்காரரு நியரஸ்ட் கிரீன், கறுப்பினத்தவரு, அப்ப அடிமை. ஜாக்குக்குத் தொழில் கத்துக் குடுத்தது அவருதான். உள்நாட்டுப் போரு முடிஞ்சு 1865ல அடிமைத்தனம் ஒழிஞ்ச பெறகு ஜாக் சொந்தமா தொடங்குனப்ப தலைமைக் காய்ச்சுறவரா வச்சதும் அவரத்தான். அவரோட பிள்ளைக பேரப்பிள்ளைக எல்லாம் தலைமுறை தலைமுறையா அதே டிஸ்டிலரில வேலை பாத்திருக்காங்க. ஒரு பழைய குரூப் போட்டோ இருக்கு, ஜாக்குக்குப் பக்கத்துலயே சரிசமமா ஒரு கறுப்பின மனுசன் உக்காந்திருப்பாரு, நியரஸ்ட்டோட மகன் ஜார்ஜ் கிரீன்னு நம்புறாங்க. கரில வடிகட்டுற வித்தையே மேற்கு ஆப்பிரிக்காவுல தண்ணியச் சுத்தம் பண்ற பழக்கத்துல இருந்து வந்திருக்கலாம்னு சில பேரு சொல்றாங்க. ஆனா நூறு வருசத்துக்கு மேல கம்பெனி டூர்ல அந்தப் பாதிரியார் பேருதான் ஓடுச்சு. 2016ல நியூயார்க் டைம்ஸ் எழுதுன பெறகுதான் இது ஊரறிஞ்ச பேச்சாச்சு, அடுத்த வருசம் கம்பெனியும் அவர முதல் மாஸ்டர் டிஸ்டிலர்னு முறையா ஏத்துக்கிச்சு. கையில வேல தெரிஞ்சவன் ஒருத்தன், லேபிள்ல பேரு இன்னொருத்தன், நம்ம ஊரு கைத்தறிலயும் பட்டறைலயும் பாக்காததா. கைடு இந்தக் கதைய வேகமா தாண்டுனா மகன விட்டு ரெண்டு கேள்வி கேக்கச் சொல்லுங்க, அந்த ஊரு ஆளுகளுக்கு இதப் பேச இப்ப தயக்கம் இல்ல.

மதினிகிட்ட சொல்ல வேண்டிய விஷயம் இதுக்கப்புறம்தான் வருது. உலகம் பூரா விஸ்கி அனுப்புற அந்த மூர் கவுண்ட்டி சட்டப்படி மதுவிலக்கு கவுண்ட்டி. நம்ம டாஸ்மாக் மாதிரி தெருவுக்கு ஒரு கடை அங்க கெடையாது. டிஸ்டிலரிக்கு உள்ள விசேஷ அனுமதில டேஸ்டிங்கும் பாட்டில் விக்கிறதும் நடக்குது. கதைய பாருங்க, அமெரிக்கா மொத்தத்துக்கும் 1920ல மதுவிலக்கு வந்துச்சு, டென்னசில அதுக்கு பத்து வருசம் முன்னாடியே 1910ல காய்ச்சுறத நிப்பாட்டிட்டாங்க. நாட்டுல 1933ல எடுத்தும் டென்னசில எடுக்கல. ஜாக் டேனியலுக்குக் கல்யாணம் ஆகல, கம்பெனி அவரோட அக்கா தங்கச்சி வழி மருமகன் லெம் மாட்லோ கைக்குப் போயிருச்சு, அந்த மனுசன் எலெக்சன்ல நின்னு சட்டசபைக்குப் போயி சட்டத்த மாத்தப் பாடுபட்டாரு. 1938ல தான் திரும்ப அடுப்பு பத்துச்சு. அதுக்கு முந்துன வருசம் 1937ல தான் நம்ம பக்கம் ராஜாஜி சேலம் ஜில்லாவுல மதுவிலக்கு கொண்டு வந்தாரு. அங்கிட்டு அடுப்பு பத்த, இங்கிட்டு அணைய. அப்புறம் 1971ல இங்க எடுத்ததும், 1974ல திரும்பப் போட்டதும், 2003ல அரசாங்கமே சில்லறைக் கடை வச்சதும் உங்களுக்குத் தெரிஞ்ச கதை. ஆனா மூர் கவுண்ட்டி சனங்க ஃபேக்டரிச் சம்பளம் வாங்கிக்கிட்டே ஊருக்குள்ள கடை வேணாம்னு இருந்துட்டாங்க. இத ரெட்டை வேசம்னு சொல்றவங்க உண்டு. எனக்கு அப்புடித் தோணல, தொழில் வேற, குடி வேறன்னு பிரிச்சுப் பாக்கத் தெரிஞ்சவங்கன்னுதான் தோணுச்சு.

டூர் முடிய மதியம் ஆயிரும். டிஸ்டிலரில இருந்து ஊரு நடக்குற தூரம்தான், காரு அங்கயே நிக்கட்டும். ஊருன்னா பெரிசா நெனச்சிராதீங்க, நடுவுல 1885ல கட்டுன செங்கல் கோர்ட்டு, அதச் சுத்தி நாலு பக்கம் கடை, அம்புட்டுத்தேன். ரொம்ப வருசமா பாட்டில் லேபிள்ல ஊரோட மக்கள்தொகை 361னு போட்டே வித்தாய்ங்க, ஊரு வளந்தும் அந்த நம்பர மாத்தல. இப்ப கவுண்ட்டி மொத்தத்துக்கும் 2020 கணக்குல ஆறாயிரத்துச் சொச்சம் பேரு, நம்ம பக்கத்துல ஒரு நடுத்தர கிராம பஞ்சாயத்து. கோர்ட்டு வாசல் பெஞ்சுல பெருசுக உக்காந்து பேசிக்கிட்டு இருக்கும், புது ஆளப் பாத்தா எந்த ஊருன்னு கேக்கும், மதுரைன்னு சொல்லுங்க, பக்கத்துல பெரிய ஊரு எதுன்னு அடுத்த கேள்வி வரும், உங்க பாடு.

சாப்பாடு விஷயத்துல கவனம் வேணும். மிஸ் மேரி போபோஸ்னு பழைய போர்டிங் ஹவுஸ் ஒண்ணு, 1908ல இருந்து அந்தம்மா நடத்துனது, ஜாக் டேனியலே அங்க சாப்பிட்டிருக்காரு. இப்ப மதியச் சாப்பாடு மட்டும், முன்னாடியே புக் பண்ணணும், நாள், நேரம் பாத்துக்கங்க, நின்ன வாக்குல போனா எடம் கெடைக்காது. பெரிய மேசைல தெரியாத ஆளுகளோட சேந்து உக்காரணும், உள்ளூர் அம்மா ஒருத்தவங்க மேசைத் தலமாட்டுல உக்காந்து ஊர்க்கதை சொல்லிக்கிட்டே பாத்திரத்தக் கைமாத்தி விடுவாங்க. கோழி வறுவல், மீட்லோஃப், பிஸ்கட், பீன்ஸ், வெண்டைக்கா வறுவல்னு வரும். மீட்லோஃப்ல மாட்டுக்கறி இருக்கும், பீன்ஸ், கீரைல பன்னிக்கறி போட்டு வேக வைக்கிறது அந்தப் பக்கத்துப் பழக்கம், ஆப்பிள் ஒண்ணு இனிப்பா வரும் பாருங்க, அதுல விஸ்கி ஊத்தியிருப்பாங்க. மதினி கறி சாப்பிட மாட்டாங்கன்னா புக் பண்றப்பவே சொல்லிரணும், மேசைல உக்காந்தும் எது எதுல என்ன இருக்குன்னு கேட்டுக்கங்க, அவங்க முகம் சுளிக்காம சொல்லுவாங்க. வெண்டைக்கா மட்டும் சோள மாவுல பொரட்டிப் பொரிச்சது, நம்ம மதுரை வீட்டுப் பொரியலுக்குப் பக்கத்துல வராது, ஆனா வெளிநாட்டுல வெண்டைக்காயப் பாத்தா ஒரு சந்தோசம் வரும்ல அதுக்காகவே ரெண்டு கரண்டி எடுத்துக்கங்க. இதெல்லாம் தோதுப்படாதுன்னா எலுமிச்சஞ் சாதம், தயிர்சாதம் கட்டிட்டுப் போயி மர நெழல்ல உக்காந்து சாப்ட்ருங்க.

சாப்ட்ட பெறகு ஹார்டுவேர் ஸ்டோர்னு போர்டு போட்ட கடைக்குப் போவீங்க, உள்ள ஆணியும் சுத்தியலும் தேடாதீங்க, பூராவும் டீ சர்ட்டு, தொப்பி, காபி குடிக்கிற மக். வெல தூக்கலாத்தான் இருக்கும், ஒரு சாவிக் கொத்து வாங்குனாப் போதும். பழைய ஜெயில மியூசியமா வச்சிருக்காங்க, சின்னதுதான், அதுக்கு ஒரு எட்டு போயிட்டு வாங்க. கல்லறைத் தோட்டத்துல ஜாக் டேனியல் கல்லறை பக்கத்துல ரெண்டு இரும்பு நாற்காலி போட்டிருக்கும், அவர நெனச்சு அழ வர்ற பொம்பளைக உக்காரன்னு ஊர்ல சிரிச்சுக்கிட்டே சொல்லுவாய்ங்க.

அதே நாள்ல இன்னொரு டிஸ்டிலரியும் பாக்கலாம்னு மகன் சொன்னா வேணாம்னு சொல்லிருங்க. டல்லஹோமா பக்கத்துல காஸ்கேட் ஹாலோல ஜார்ஜ் டிக்கல் இருக்கு, சரக்க நல்லாக் குளிர வச்சு கரில எறக்குற கை அவங்களுது, என்ன மாதிரி தொழில்ல இருந்தவனுக்கு ருசிக்கும், உங்களுக்கு ரெண்டாவது தடவ அதே தொட்டி அதே பீப்பாய்தான். ஷெல்பிவில்ல நியரஸ்ட் கிரீன் பேர்லயே 2019ல ஒரு டிஸ்டிலரி தொறந்தாங்க, திரும்புற வழிலதான் இருக்கு, அந்தக் கதை மனசுல பட்டிருந்தா, தொறந்திருக்கான்னு பாத்துட்டு ஒரு அரை மணி நேரம் எறங்கிப் பாருங்க. அக்டோபர் மாசமா இருந்தா லிஞ்ச்பர்க்ல பெரிய பார்பிக்யூ போட்டி ஒண்ணு நடக்கும், அந்த வார இறுதிய மட்டும் தவுத்துருங்க, அம்புட்டுச் சின்ன ஊருக்கு அந்தக் கூட்டம் தாங்காது.

மகன் டேஸ்டிங் டூர் போடணும்னு ஆசைப்பட்டா, வண்டி ஓட்டுறது அவர்தான்ங்கிறத ஞாபகப்படுத்துங்க, மருமக ஓட்டுனா பிரச்சனை இல்ல. டேஸ்டிங்குக்கு 21 வயசு ஆகியிருக்கணும், ஐடி கேப்பாய்ங்க, தல நரைச்சிருந்தாலும் கேப்பாய்ங்க, பாஸ்போர்ட்ட பையில வச்சிருங்க.

ஊருக்கு யாராவது பாட்டில் கேட்டிருந்தா, கேக்காம இருக்க மாட்டாய்ங்க, ஒருத்தருக்கு 2 லிட்டர் வரைக்கும் வரி இல்லாம நம்ம கஸ்டம்ஸ்ல விடுவாங்க. டிஸ்டிலரில வாங்குனத செக்-இன் பெட்டில துணி சுத்தி வச்சிரணும், கைப்பையில வச்சா செக்யூரிட்டில புடுங்கிருவாய்ங்க. அங்க சில ஸ்பெஷல் பாட்டில் 70 சதவீதத்துக்கு மேல இருக்கும், 140 புரூஃப்னு லேபிள்ல பாருங்க, அதத் தாண்டுனது பிளேன்லயே ஏத்த முடியாது, கடைக்காரங்க விப்பாங்க, ஏர்போர்ட்ல தூக்கிப் போட்ருவாங்க. அவங்களோட வழக்கமான ஓல்டு நம்பர் 7 விஸ்கிக்கு அந்தக் கவலை இல்ல.

மூணு மணிக்கெல்லாம் லிஞ்ச்பர்க்க விட்டுக் கெளம்பிருங்க. திரும்புறப்ப ஐ-24 வழி வந்தா நாஷ்வில் நெருங்குறப்ப சாயங்கால டிராஃபிக்ல மாட்டுவீங்க, முடிஞ்சா நடு வாரத்துல ஒரு நாள் மகன லீவு போடச் சொல்லுங்க, டூர்லயும் கூட்டம் கம்மியா இருக்கும், கைடு நின்னு நிதானமா பதில் சொல்லுவாரு.